மடங்கிய விரல்கள் நிமிரும்

(தொழுநோய் எதிர்ப்பு நாளையொட்டி வலையபட்டியில் நடைபெற்ற ஊர்க் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நாங்கள் இவ்வூருக்கு வரும்போதெல்லாம் சாலையைப் பற்றியும், குடிநீரைப் பற்றியும், கண்மாய் வரத்துக்கால் தூர்வாருவதைப் பற்றியுமே பேசுவது வழக்கம். இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, மனிதனுடைய கையைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். வளர்ச்சிப் பணிக்கும் கைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். கிராம வளர்ச்சி என்று நாம் எதனைச் சொன்னாலும் அது முடிவில் யாரோ ஒருவர் கையால் நடைபெற வேண்டிய காரியமேயன்றோ? நமது செட்டிநாட்டுச் சீமையின் பெருமை முழுவதும் கைவேலையின் பெருமையே ஆகும். ஆத்தங்குடிக் கல்லில் பூப்போடுவதும், காரைக்குடியிலே கண்டாங்கி நெய்வதும், நிலைக்கதவில் சிற்பம் செதுக்குவதும், பனையோலையைக் கீறிச் சாயம் தோய்த்துக் கொட்டான் முடைவதும் கைகள் செய்த அற்புதங்கள். அந்தக் கை ஒருவர்க்குச் செயலற்றுப் போனால் அவர் குடும்பம் ஒரு கூலியை இழக்கின்றது. ஊர் ஒரு தொழிலாளியை இழக்கின்றது.

தொழுநோயினால் விரல் மடங்கிப்போனவர்களை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அக்கை அழுகிப்போன கை என்றும், இனி அதற்குப் பரிகாரமே இல்லை என்றும் பெரும்பாலோர் நம்பி வருகின்றனர். இரண்டும் தவறு. மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையினால் நிமிர்த்தலாம்; அவற்றை மீண்டும் வேலை செய்ய வைக்கலாம். உலகிற்கே இதனைச் செய்து காட்டியது நமது தமிழ்நாடு. ஆனால், மருத்துவர் நிமிர்த்திய கையை வேலைக்கு அழைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம். இதனைச் சொல்லவே இன்று வந்தோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். இச்செய்தியை நாங்கள் அறிந்துகொண்ட விதத்தை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது வட்டாரத்திலுள்ள ஓர் ஊரில் உதவித்தொகை மனுக்களைப் பெற்றுக்கொண்டிருந்தோம். ஊரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் மனுவோடு வந்தார். கையொப்பமிடச் சொன்னோம். அவர் பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தார். எழுத்தறிவு இல்லாதவர் போலும் என்று எண்ணினோம். அருகிலிருந்த அவருடைய மகன், "அம்மா எட்டாவது வரை படித்தவர்கள், ஐயா; பேனாவைப் பிடிக்கத்தான் முடியவில்லை" என்றான். அதன் பின்னரே அவர் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த வலக்கையைப் பார்த்தோம். நான்கு விரல்களும் உள்ளங்கையை நோக்கி மடங்கியிருந்தன. பெருவிரல் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. ஒரு காலத்தில் கொட்டான் முடைவதில் அவரை மிஞ்சுவார் அந்த ஊரில் இல்லையாம். நோய் கண்டு, முறையாக மருந்துண்டு, முற்றிலும் குணமாகி ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. எனினும் வீட்டிலே அவருக்குத் தனித்தட்டு. பணித்தளத்திலே அவர் தொட்ட குடத்தில் மற்றவர்கள் நீர் மொள்ளுவதில்லை.

நாங்கள் மனுவைப் பரிந்துரைத்தோம். அதனோடு எங்கள் கடமை முடிந்ததென்று எண்ணி அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டோம். அக்கையைச் சீர்செய்யலாம் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பல மாதங்களுக்குப் பின், சுகாதாரத் துறையினருடன் நடந்த ஒரு கூட்டத்திற் பேச்சுவாக்கில் இதனைக் குறிப்பிட்டபோதுதான், "அறுவைக்கு அனுப்பியிருக்கலாமே!" என்று ஒருவர் சொன்னார். படித்தவர்களாகிய எங்கள் அறியாமையினால் அவர் பல மாதங்களை இழந்தார். இன்னும் எத்தனை ஊர்களில் எத்தனை பேர் இவ்வாறு முந்தானைக்குள்ளும் துண்டுக்குள்ளும் கையை மறைத்து வாழ்கின்றனரோ என்ற கவலையே இன்று எங்களைப் பேச வைக்கின்றது.

முதலில் இந்நோயின் தன்மையைப் பார்ப்போம். தொழுநோய் முன்வினைப் பயனும் அன்று. பரம்பரைச் சாபமும் அன்று. அது ஒரு நுண்ணுயிரால் வருவது. 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அவ்வுயிரைக் கண்டறிந்தார். மக்களிற் பெரும்பாலோர்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே அமைந்துள்ளது. நெடுங்காலம் சிகிச்சை பெறாத சிலரிடமிருந்தே, அவர்களோடு நெருங்கிப் பழகும் சிலருக்கு அது பரவுகின்றது. மருந்துண்ணத் தொடங்கிய சின்னாட்களிலேயே நோயாளி பிறர்க்கு நோயைப் பரப்பும் நிலையை இழந்துவிடுகின்றார்.

இந்த நுண்ணுயிர் உடம்பின் குளிர்ச்சியான பகுதிகளை நாடுவது. தோலையும், தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகளையும் அது பற்றுகின்றது. முழங்கையின் உட்புறத்தைத் திண்ணையிலோ தூணிலோ இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரையிற் சுரீரென்று பாய்வதை நீங்கள் அறிவீர்கள். அங்கே தோலை ஒட்டி ஓடும் நரம்பே இந்நோய்க்கு முதலில் இலக்காகின்றது. அடுத்தது மணிக்கட்டின் முன்புறத்திலுள்ள நரம்பு. நுண்ணுயிரை எதிர்த்து உடம்பு நடத்தும் போராட்டத்தில் அந்நரம்பு வீங்கி, நெருக்குண்டு, செயலிழக்கின்றது. அதனால் இரண்டு தீங்குகள் விளைகின்றன: அதற்கு உட்பட்ட தோல் உணர்ச்சி இழக்கின்றது, அதற்கு உட்பட்ட தசைகள் வலுவிழக்கின்றன.

இங்கே நமக்குப் பழக்கமான ஓர் உவமையைச் சொல்லலாம். கண்மாயில் நீர் நிறைந்திருக்கின்றது, மடையும் திறந்திருக்கின்றது, தலைமடை வயல்கள் செழித்திருக்கின்றன. ஆனால் வாய்க்கால் பாதி வழியில் தூர்ந்துவிட்டமையால் கடைமடை வயல்கள் காய்கின்றன. கடைமடை காய்ந்ததைப் பார்த்துவிட்டுக் கண்மாயே வற்றிவிட்டது என்று எவரேனும் சொல்வாரா? தொழுநோயாளியின் கையும் இத்தகையதே. முன்கையில் உள்ள பெரிய தசைகளிற் பெரும்பாலானவை வலிமையோடு இருக்கின்றன. உள்ளங்கையில் உள்ள சிறிய தசைகளே நரம்பின் தொடர்பு அற்றுக் காய்ந்துபோகின்றன.

கையிலே இருவகைத் தசைகள் உண்டு. பெரிய தசைகள் முன்கையில் அமைந்து, கயிறு போன்ற தசைநார்களை மணிக்கட்டு வழியாக விரல்களுக்கு அனுப்புகின்றன. கமலைக் கயிற்றை மாடு இழுத்தால் கிணற்றுச் சால் மேலே வருவதுபோல், முன்கைத் தசை சுருங்கினால் விரல் மடங்கும், அல்லது நிமிரும். உள்ளங்கையில் அமைந்த சிறிய தசைகள் விரல்களின் அடிக்கணுவை மடக்கி, மேற்கணுக்களை நிமிர்த்தி, விரலைச் சமநிலையில் நிறுத்துகின்றன. பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துபவையும் பெரும்பாலும் அவையே. சோற்றை உருட்டுவதும், கோலப் பொடியை இழைப்பதும், நாற்றைப் பிடிப்பதும், ஓலையைக் கிள்ளுவதும் இவற்றின் உதவியினாலேயே. இவை செயலிழந்தால் பெரிய தசைகள் தம் விருப்பம்போல் இழுக்கின்றன. அடிக்கணு பின்னால் வளைகின்றது. மேற்கணுக்கள் உள்ளே மடங்குகின்றன. பறவையின் நகம் போன்று கை வளைந்துவிடுகின்றது.

இந்த உண்மையைக் கண்டறிந்து பரிகாரமும் கண்டவர் டாக்டர் பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேயர். ஆங்கிலேயர் என்றாலும் அவரை நம் நாட்டவர் என்றே சொல்லலாம். 1914-ஆம் ஆண்டில் நமது கொல்லிமலையிலே பிறந்தவர் அவர். மருத்துவம் பயிலுவதற்கு முன்னர் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டில், செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவ நிலையத்தைப் பார்வையிடுமாறு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்தார். மடங்கிய கைகளோடு நூற்றுக்கணக்கானோர் அங்கே இருந்தனர். எலும்பு மருத்துவர்கள் இதுகாறும் இவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லையே என்று காக்ரேன் வருந்தினார். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் தம் கையை விட்டு, பிடித்து அழுத்துமாறு சொன்னார். வலுவே இராது என்று அவர் எதிர்பார்த்திருக்க, அந்தப் பிடி அவருக்கே வலியெடுக்கும் அளவிற்கு உரமாக இருந்தது. கை செத்துவிடவில்லை, வலிமை எங்கோ உள்ளே இருக்கின்றது என்னும் உண்மை அந்த ஒரு கணத்தில் அவருக்குப் புலனாயிற்று.

பின்னர் அவரும் அவருடைய குழுவினரும் பல நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்தனர். எந்தத் தசைகள் கெடுகின்றன, எவை தப்புகின்றன என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கக் கண்டனர். முன்கைத் தசைகள் பெரும்பாலும் தப்புகின்றன; மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தும் தசைகள் கெடுவது அரிது. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அறுத்தால் ஆறாது என்று அந்நாளில் மருத்துவர்களே நம்பினர். அதுவும் பொய் என்று தெரிந்தது. மற்றவர் சதையைப் போலவே அதுவும் ஆறிற்று. 1948-ஆம் ஆண்டளவில் வேலூரில் தசைநார் மாற்று அறுவைகள் தொடங்கின. பின்னர்க் கரிகிரியிலும் அப்பணி வளர்ந்து, உலகின் பல நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்து கற்றுச் செல்லும் நிலை உண்டாயிற்று.

இனி, அறுவையில் என்ன செய்கின்றார்கள்? தூர்ந்த வாய்க்காலைத் திறக்க இயலாதபோது, செழிப்பான தலைமடையிலிருந்து புதிய கால் ஒன்று வெட்டிக் கடைமடைக்கு நீர் கொண்டுபோவதில்லையா? அதுவே இங்கும் நிகழ்கின்றது. ஒவ்வொரு விரலையும் மடக்குவதற்கு இயற்கை இரண்டு தசைநார்களைத் தந்துள்ளது: ஒன்று மேலாகவும் மற்றொன்று ஆழமாகவும் ஓடுகின்றது. ஆழமானது நன்றாக இருந்தால் மேலானதை இரவல் வாங்கலாம். விரல் அதனால் மடங்காமற் போகாது. அவ்வாறு எடுத்த தசைநாரை நான்கு கிளைகளாகப் பிளந்து, உள்ளங்கை வழியே செலுத்தி, நான்கு விரல்களிலும் முன்பு சிறிய தசைகள் பற்றியிருந்த இடத்திலே தைத்துவிடுகின்றனர். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் மூன்று. அவற்றுள் ஒன்றை இரவல் வாங்குவதும் உண்டு. அதற்கு நீளம் போதாதாகையால் காலிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு நாரை எடுத்து ஒட்டுப்போட்டு நீட்டுவர். பெருவிரலுக்கும் இவ்வாறே மோதிர விரலின் மேல்நாரைத் திருப்பிக் கொண்டுவந்து இணைத்து, மற்ற விரல்களுக்கு எதிரே அதனை நிறுத்துகின்றனர்.

அறுவைக்குப் பின் மூன்று வாரங்கள் போலக் கை மாவுக்கட்டில் இருக்கும். கட்டை அவிழ்த்தபின் வேலை முடிந்துவிடுவதில்லை. அங்கேதான் நோயாளியின் வேலை தொடங்குகின்றது. நேற்றுவரை மோதிர விரலை மடக்கிய தசை இன்று பெருவிரலை அசைக்கின்றது. இந்த இடமாற்றம் மூளைக்குத் தெரியாதன்றோ! "மோதிர விரலை மடக்குங்கள்" என்று பயிற்சியாளர் சொல்லுவார். அவ்வாறு முயன்றால் பெருவிரல் அசையும். சிறு குழந்தை கைவீசக் கற்பதுபோல நாள்தோறும் பழகி, சில வாரங்களில் நினைத்தவுடன் பெருவிரலே அசையும் நிலை வருகின்றது. பயிற்சியைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினால் அறுவையின் பயனும் பாதியிலே நின்றுவிடும். ஆகையால், "எப்போது வருவாய்? வயல் வேலை கெடுகின்றது" என்று வீட்டார் அவசரப்படுத்துதல் கூடாது.

எல்லாக் கைகளுக்கும் உடனே அறுவை செய்துவிட இயலாது. நோய்க்குரிய மருந்தைக் குறைந்தது ஆறு மாதமேனும் ஒழுங்காக உண்டிருக்க வேண்டும். நரம்பு வீக்கமும் வலியும் அடங்கி ஆறு மாதமேனும் ஆகியிருக்க வேண்டும். கையில் புண் இருத்தலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, விரற்கணுக்கள் விறைத்துப் போகாமல், மற்றக் கையால் நிமிர்த்தினால் நிமிரும் நிலையில் இருக்க வேண்டும். துருப்பிடித்த கீலில் எத்தனை நல்ல கயிற்றைக் கட்டினாலும் கதவு திறவாதன்றோ! இதற்கு வழி நமது வீட்டிலேயே உள்ளது. நாள்தோறும் கையைச் சாதாரண நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, எண்ணெய் தடவி, தொடையின்மேல் வைத்து, மற்றக் கையால் விரல்களை மெல்ல நீவி நிமிர்த்தி வர வேண்டும். காசு செலவில்லாத இப்பயிற்சியைச் செய்தவர் கை அறுவைக்குத் தக்க நிலையில் இருக்கும். செய்யாதவர் கை விறைத்துவிடும்.

அறுவையினால் ஆகாத ஒன்றையும் சொல்லிவிடுவது எங்கள் கடமை. விரல் நிமிரும், ஆனால் நெடுநாள் இழந்த உணர்ச்சி திரும்பாது. முன்பெல்லாம் தொழுநோயாளியின் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று நம்பினர். அவ்வாறன்று என்பதையும் பிராண்ட் காட்டினார். துருவேறிய பூட்டு ஒன்றைப் பெரியவர்கள் திறக்க இயலாது நின்றபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும்வரை அறுந்திருந்தது. அவனுக்கோ வலியே தெரியவில்லை. சில நோயாளிகளின் விரல் இரவோடு இரவாகக் குறைந்துபோவதன் காரணத்தை ஆராய்ந்தபோது, உறங்கும் வேளையில் எலி கடிப்பது வெளியாயிற்று. பின்னர் அவர்கள் வீடு செல்லும்போது பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம்! வலி என்பது நமக்கு எத்தகைய காவலாளி என்பதை எண்ணிப் பாருங்கள். அக்காவலாளியை இழந்தவர், அவ்வேலையைத் தம் கண்ணுக்குக் கொடுக்க வேண்டும். சூடான பாத்திரத்தைத் துணியாற் பிடித்தலும், கரண்டிக்கு நீண்ட மரக்காம்பு வைத்தலும், மண்வெட்டிப் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்குதலும், இரவு படுக்குமுன் விளக்கொளியில் கையைப் பார்த்துக்கொள்ளுதலும் அவர்க்கு இன்றியமையாதவை. அவரோடு வசிப்பவர்கள் இதிலே துணைசெய்யலாம்.

இப்போது நாம் மிகவும் கருத்தூன்ற வேண்டிய செய்திக்கு வருகின்றோம். கை சீர்பெற்ற முதல் நோயாளிகள் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினர். சில காலத்துக்குப் பின் அவர்களிற் சிலர் வேலூருக்கே திரும்பி வந்தனர். அவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. தங்க இடமும் தரவில்லை. கை மடங்கியிருந்த காலத்தில் இரக்கப்பட்டுக் காசு போட்டவர்களும், நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடாமற் சென்றார்கள். பிச்சைக்கும் உதவாத கையாக்கிவிட்டீர்களே என்று அவர்கள் முறையிட்டபோது பிராண்ட் திகைத்துப்போனார். கையை நிமிர்த்துவதோடு வைத்தியம் முடிந்துவிடவில்லை என்று அன்று அவர் உணர்ந்தார்.

அதன் விளைவாகவே வேலூர்க் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் தோன்றிற்று. எளிய குடிசைகள் சிலவற்றைக் கொண்ட சிற்றூர் போன்றது அது. அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றனர். மரப் பொம்மைகள் செய்தனர். உணர்ச்சியற்ற கைக்கு ஊறு விளையாதபடி கருவிகளின் பிடிகளை மாற்றி அமைப்பதற்குப் பிராண்ட் இளமையிற் கற்ற தச்சுத் தொழில் பயன்பட்டது. புதிய கையோடு பழைய ஊருக்குத் திரும்பி உழைத்து வாழும் மனவுறுதியை அங்கு அவர்கள் பெற்றனர்.

அதே மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் அம்மையார் இருந்தார். 1954-ஆம் ஆண்டில் நேர்ந்த கார் விபத்தினால் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத் துறையை அங்கே நிறுவி நடத்தி, 1972-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். உடம்பில் ஓர் உறுப்புக் குறைந்தால் உழைப்பே முடிந்தது என்பார்க்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுமோ?

இந்தியா 2005-ஆம் ஆண்டு இறுதியில், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் அளவுக்குத் தொழுநோயைக் குறைத்தது. குறைந்தது என்பதனால் ஒழிந்தது என்று பொருளாகாது. நம் நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகின்றது. 1981-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை நம்மிடம் உள்ளது. நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உண்டால் நோய் தீர்ந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். விரல் வலுவிழக்கத் தொடங்கி ஆறு மாதத்திற்குள் வந்தால், பிரெட்னிசோலோன் என்னும் மருந்தினால் நரம்பைக் காத்து, அறுவைக்கே தேவையில்லாமற் செய்துவிடவும் பலருக்கு இயலும்.

காலம் கடந்து கை மடங்கியவர்க்கு வேலூர், கரிகிரி, செங்கற்பட்டு முதலிய இடங்களில் அறுவை செய்யப்படுகின்றது. நமது மாவட்டத்தில் மானாமதுரையை அடுத்த தயாபுரத்திலும் தொழுநோய் மருத்துவமனை உண்டு. அறுவை செய்துகொள்ளும் ஏழையர் இழக்கும் கூலியை ஈடுசெய்ய அரசு உதவித்தொகை தருகின்றது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகினால் அவரே உரிய இடத்துக்கு அனுப்பி வைப்பார். நோயுற்றாரைப் பிரித்து அடைத்து வைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோர இடமளித்த விதிகளும் 2019-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. சட்டத்திலிருந்து நீங்கிய தீண்டாமை நம் வீட்டுத் தட்டிலும் குடத்திலும் இருக்கலாமா?

முன்னர்ச் சொன்ன அம்மையாரின் செய்தியை முடித்துவிடுகின்றோம். அவர் கணுக்கள் சற்று விறைத்திருந்தமையால் முதலில் பல வாரங்கள் பயிற்சி தேவைப்பட்டது. பின்னர் அறுவை நடந்தது. இன்று அவர் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஓலையைப் பிடிக்கின்றார். முன்போன்ற விரைவு இல்லை. ஓலையின் விளிம்பு கீறிவிடாமற் கண்ணாற் பார்த்தே வேலை செய்ய வேண்டியிருக்கின்றது. எனினும் அவர் முடைந்த கொட்டானை எங்கள் கையிற் கொடுத்தபோது அதிலே ஒரு பழுதும் காணவில்லை. பற்றுச்சீட்டில் கைநாட்டு வைக்காமல், கோணல் எழுத்தானாலும் தம் பெயரைத் தாமே எழுதினார்.

ஆனால், அவ்வூரில் கொட்டான் முடையும் மகளிர் குழுவில் அவர் இன்னும் சேர்க்கப்படவில்லை. "அவர் முடைந்தது என்று தெரிந்தால் வாங்குபவர்கள் தயங்குவார்களே" என்கின்றனர். வாங்குபவர்கள் எவரும் அவ்வாறு சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சமே காரணம். நாங்கள் இருமுறை சென்று பேசினோம், பயனில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் வேலூருக்குத் திரும்பி வந்தவர்கள் என்ன முறையிட்டார்களோ, அதையே இவர் வாய்விட்டுச் சொல்லாமல் நிற்கின்றார். அலுவலகத்திலிருந்து ஆணை அனுப்பி இதனை மாற்ற இயலாது. ஊர் மனம் வைத்தால் ஒரு பிற்பகலில் மாறிவிடும்.

ஆகவே வலையபட்டி மக்களிடம் நாங்கள் வேண்டிக்கொள்வன நான்கு. வெளிறிய அல்லது சிவந்த தேமல் ஒன்று உணர்ச்சியின்றி இருந்தால் அவரை அன்றே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஏற்கெனவே கை மடங்கியவர் யாரேனும் இருந்தால், இன்றிலிருந்தே நீரும் எண்ணெயும் கொண்டு பயிற்சியைத் தொடங்கச் செய்யுங்கள். அறுவைக்கு வழி உண்டு என்று சொல்லுங்கள். அவர் மருத்துவமனைக்குச் செல்லும் வாரங்களில் அவர் வீட்டுப் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அண்டை வீட்டார் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வுதவி இல்லாமையினாலேயே பலர் போகாமலிருக்கின்றனர். நான்காவதாக, அவர் திரும்பி வரும்போது அவர்க்குரிய வேலையையும், பொதுக் குடத்துத் தண்ணீரையும், குழுவில் ஓர் இடத்தையும் முன்கூட்டியே வைத்திருங்கள்.

இன்று ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள். 1948-ஆம் ஆண்டு இந்நாளில் மறைந்த காந்தியடிகள், சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்னும் வடமொழி அறிஞர்க்குத் தொழுநோய் கண்டிருந்தபோது, அவரை அருகிலேயே தங்கவைத்துத் தம் கையாலேயே புண் கழுவி மருந்திட்டார். அந்நாளில் இன்றைய மருந்து இல்லை. இன்றைய அறுவையும் இல்லை. அவ்விரண்டும் நம்மிடம் உள்ளன. காந்தியடிகளிடம் இருந்த மனம் ஒன்றுதான் நாம் தேடிக்கொள்ள வேண்டியது.

இக்கூட்டம் முடிந்தபின் நாங்கள் சிறிது நேரம் ஊராட்சி அலுவலகத்திலேயே இருப்போம். சுகாதார ஆய்வாளரும் உடன் இருக்கின்றார். எல்லார் முன்னிலையிலும் சொல்லத் தயங்குவோர் அங்கே தனித்து வந்து சொல்லலாம். கையை மறைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை.